பதினோரு நாளோடு நிறுத்தியவன்

என் தனத்துக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து உன் மாமா எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்தில் வலி என்று ஒன்று இருக்காது என்று நம்புகிறேன். இங்கே நம் மகள் மாலதி நலம். நானும் இப்போது நலம். ‘இப்போது’ என்று ஏன் சேர்த்தேன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு வந்த இரண்டாவது தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஈப்போவில் அன்று மத்தியானத்திலிருந்தே மழை. ஃபேக்டரி ஆட்களை எல்லாம் அவரவர் இடத்தில் இறக்கிவிட்டு வந்து, பஸ்ஸை நம் பிளாட்டுக்கு எதிரே நிறுத்தினேன். இத்தனை வருடமாக ஏறி இறங்குகிற அதே பஸ் படிதான். செருப்பு வழுக்கியது. இடது முட்டி படியின் இரும்பு விளிம்பில் போய் இடித்தது. எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றிப் பார்த்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

முட்டிச் சில்லு இரண்டாக உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து, கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் மடக்கக் கூடாது என்று காலுக்கு ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். நம் பிளாட்டில்தான் லிஃப்ட் கிடையாதே. கூட வேலை செய்கிறவர்கள் நான்கு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடியும் தூக்கி வந்தார்கள். உன்னையும் அப்படித்தானே தூக்கி வந்தோம்? நாற்காலிக் கால் சுவரில் இடித்த இடம்கூட அதே திருப்பம்தான். அந்த நிமிடமே நீ என் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

ஆறு வாரம் கழித்துப் பட்டையைக் கழற்றினால், கால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. மடங்க மாட்டேன் என்கிறது. பிசியோவுக்குப் போகச் சொன்னார்கள். உனக்குத் தெரிந்த இடம்தான் அது. உனக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது, நடை பழக இரண்டு முறை அழைத்துப் போனேனே, ஆஸ்பத்திரியில் அந்தக் கீழ்த்தளத்து நீள அறை.

அங்கே இப்போது கவிதா என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். பாரிட் புந்தார் ஊர்ப் பிள்ளை. மாலதியைவிட இரண்டு வயது குறைவாக இருப்பாள். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, முட்டியின் பக்கவாட்டில் ஓர் அளவுகோலைப் பிடித்துப் பார்த்தாள்.

“நாப்பது டிகிரி தான் மடங்குது அங்கிள். கிளட்ச் மிதிக்க, படி ஏறி எறங்க, நூறுக்கு மேல வேணும்.”

“வந்துருமா, மா?”

“வரும். நீங்க செஞ்சா வரும்.”

மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி அதை அமுக்க வேண்டும். அடுத்தது, காலை நேராக நீட்டித் தூக்கி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். கடைசியாக, குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, தரையில் வழுக்கி வழுக்கிக் காலைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கேட்கும்போது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன். அந்தக் கடைசிப் பயிற்சியில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தனம். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் நகராத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் நான் செய்யவில்லை. முதல் நாள் ஒரு தடவை செய்தேன். வலி உச்சிக்கு ஏறியது. மாலதி ஓடி வந்தாள். “வலிக்குதுன்னா விடுங்கப்பா. நல்லா ரெஸ்ட் எடுங்க, தானா சரியாயிரும்.” அந்த வார்த்தை எனக்குத் தேன் மாதிரி இருந்தது. பால் கலக்காத தே ஓ கைக்கு வந்தது. சோறு கைக்கு வந்தது. பல் விளக்கக்கூட வாளியும் தண்ணீரும் கட்டிலுக்கு வந்தன. ராஜா மாதிரிக் கிடந்தேன். பட்டையில் இருந்தபோதே மெலிந்த தொடை இன்னும் சூம்பியது.

பிசியோவுக்காக வாரத்துக்கு இரண்டு தடவை அந்த நான்கு பேரும் என்னைத் தூக்கி இறக்கி, தூக்கி ஏற்றினார்கள். கவிதா கேட்பாள்:

“வீட்ல செய்யிறீங்களா அங்கிள்?”

“செய்யிறேன் லா.”

“மூணு வேளையும்?”

“மூணு வேளையும்.”

மூன்றாவது வாரம் அளந்தாள். நாற்பத்தைந்து. அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “செய்யலே தானே?”

எனக்கு வந்ததே கோபம். “இதெல்லாம் சும்மா, மா. என் சம்சாரத்துக்கும் இதே தான் சொன்னாங்க. இடுப்பு ஒடஞ்சு, ஆபரேசன் பண்ணி, இங்க தான் வந்தா. அழுதது தான் மிச்சம். கடைசி வரைக்கும் நடக்கவே இல்ல.”

அவள் கோபப்படவில்லை. “எத்தன நாளு செஞ்சாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. “பதினோரு நாளு.”

“அவங்களே வேணாம்னுட்டாங்களா?”

முட்டிக்கு அடியில் இருந்த துண்டை உருவி எடுத்து மடித்தேன்.

“இல்ல மா. நான் தான் நிறுத்துனேன்.”

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, தனம். மாலதியிடம் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்த கதைதான், நீதானே அந்தக் கட்டிலில் கிடந்தாய். ஆனாலும் நான் சொல்லி நீ கேட்டதில்லையே. கேள்.

நடையில் உன்னை யார் பிடிக்க முடியும்? கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நீ பால் மரம் வெட்டப் போன காலத்தில், உன்னோடு பேசிக்கொண்டே வரலாம் என்று பார்த்தால் நான் ஓடி வர வேண்டியிருக்கும். தோட்டத்தை விற்று நம்மை வெளியேற்றி, ஈப்போவுக்கு வந்து நீ பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனபோதும் அதே வேகம்தான். அந்தக் கால் குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேசன் முடிந்த மறுநாளே உன்னை எழுப்பி வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். நீ நின்றாய். வெளிறிப்போய் நின்றாய். எனக்குத்தான் தலை சுற்றியது.

வீட்டுக்கு வந்து தினமும் சமையலறை சிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். காலைப் பக்கவாட்டில் தூக்குவாய், இறக்குவாய். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாய். பத்து நாள் நான் கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். பதினோராவது நாள் நீ ‘அம்மா’ என்று அழுத குரல் ரேடியோவைத் தாண்டி வந்தது. ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன்.

“போதும் தனம். ஒண்ணும் வேணாம். நான் இருக்கேன்ல, எல்லாம் பாத்துக்கிறேன்.”

“நாளைக்குச் செய்யலாம் மாமா,” என்றாய்.

அந்த நாளை நான் வரவிடவில்லை. பிசியோவிலிருந்து போன் வந்தபோதெல்லாம் நீ தஞ்சோங் மாலிமில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்று பொய் சொன்னேன். உன்னைக் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், சோறு ஊட்டினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம், ‘இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைப்பான்’ என்றார்கள். எனக்கும் அது இனித்தது. நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது?

இன்னொன்றும் இருக்கிறது. சில மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் சீக்கிரம் வந்துவிட்டேன். கதவைத் திறந்தால், வாக்கர் கட்டில் ஓரத்தில் கிடக்கிறது. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று, கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு நான்கு எட்டு. அந்த நான்கு எட்டை நீயாக நடந்திருக்கிறாய். எந்த மனுசனும் சந்தோசப்பட்டிருப்பான். நான் கத்தினேன்.

“தனம்! விழுந்துட்டா என்னா பண்றது?”

நீ திடுக்கிட்டாய். கால் மடிந்து, நல்லவேளையாக நாற்காலியில் விழுந்தாய்.

“காய்கறி லோரி வந்திருக்கு மாமா. அதான் பாத்தேன்.”

“என்னா வேணும்னு சொல்லு, நான் வாங்கியாரேன்.”

உனக்கு வேண்டியது காய்கறியா, தனம்? ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்து உன் முன்னால் வைத்தேன். நீ அதை ஆய்ந்து கொடுத்தாய். அதற்குப் பிறகு நீ தனியாக நின்று நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருடம் அந்தக் கட்டில்தான் உன் உலகம். கடைசியில் நெஞ்சில் சளி கட்டியது. படுத்தே இருக்கிறவர்களுக்கு அப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னமோ.

இதையெல்லாம் முன்னும் பின்னுமாகக் கவிதாவிடம் சொன்னேன். அடுத்த ஆள் காத்திருந்தார். அவள் அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள். கடைசியில் நான் கேட்டேன், “நடந்திருந்தா அவ இன்னும் இருந்திருப்பாளா, மா?”

இல்லை என்று சொல்லிவிடுவாள், மனசு ஆறும் என்று நினைத்தேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

“அது எனக்குத் தெரியாது அங்கிள். யாருக்கும் தெரியாது. ஆனா கீழ எறங்கிப் போயிருப்பாங்க. அத சொல்லலாம்.”

நான் அங்கேயே அழுதேன். இந்தத் தடவை சீனக் கிழவர் பார்த்ததைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு டிஷ்யூவை நீட்டினார். பிறகு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்.

கவிதா என் காலைக் கையில் எடுத்தாள். “வலி ரெண்டு வகை அங்கிள். கத்தி மாதிரி குத்துச்சுன்னா உடனே நிறுத்திருங்க. இறுக்கமா இழுக்குதுன்னா நிறுத்தாதீங்க. மூச்சு விட்டுக்கிட்டே பத்து எண்ணுங்க. விட்ட ஒடனே கொறையும்.” பிறகு மெதுவாக மடக்கினாள். நான் எண்ணினேன். ஆறுக்குமேல் எண்ண முடியாமல் கத்தினேன். அவள் மீதியை எண்ணி முடித்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் செய்தேன். விடிந்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. பிளாஸ்டிக் பை நம் தரையில் நன்றாகவே வழுக்கும். முதல் வாரம் முழுக்க உன் பேரைச் சொல்லித் திட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. ஐம்பத்தைந்து வந்தது. எழுபது வந்தது. ஆசை அதிகமாகி ஒரே நாளில் ஏழு தடவை செய்து, முட்டி தேங்காய் மாதிரி வீங்கி, மறுபடி அறுபதுக்கு இறங்கியது. “ஏழு தடவ யாரு செய்ய சொன்னா? அளவா செய்யணும் லா, அங்கிள்,” என்று கவிதா ஐஸைத் துண்டில் சுற்றி வைத்தாள்.

அந்த நாட்களில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வலி போய்விடுகிறது. செய்யும்போது உயிர் போகிறது, உண்மைதான். ஆனால் அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால், வந்த மாதிரியே போய்விடுகிறது. போகும்போது முட்டியை ஒரு மயிரிழை தளர்த்திவிட்டுப் போகிறது. உன் வலியும் அப்படித்தான் போயிருக்கும், இல்லையா? நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து, அந்த அரை மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத் தைரியமில்லாமல்தான் உன் கால்களை வாங்கிக்கொண்டேன். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்தேன். அன்பும்தான், தனம். பாதிக்கு மேல் பயம்.

தொண்ணூறு டிகிரி வந்த வாரம் படியில் பழக்கினாள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவு கால் முதலில். ஒரு கை கம்பியில். ஆஸ்பத்திரியில் மூன்று படி வைத்த மரப்பலகையில் ஏறி இறங்கினேன். நம் படிக்கட்டில் எத்தனை படி என்று உனக்கு நினைவிருக்கிறதா? அதுவரை நான் எண்ணியதே இல்லை. எண்ணினால் பயம் வரும் என்று விட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மாலதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து முதல் படியில் இடது காலை வைத்தேன். ஒன்று. இரண்டு. ஆறாவது படியில் இருக்கும்போது மேலிருந்து குரல்.

“அப்பா! யாரு ஒங்கள எறங்க சொன்னது? விழுந்துட்டா?”

உடம்பு தூக்கிப்போட்டது. கைத்தடி கையைவிட்டு நழுவி, உருண்டு, திருப்பத்தில் போய் விழுந்தது. கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அந்தக் குரல் மாலதியுடையது இல்லை, தனம். என்னுடையது. அவளுக்கு நான்தானே அதைச் சொல்லிக்கொடுத்தேன்? அன்றைக்கு ஜன்னலோரம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

அப்படியே படியில் உட்கார்ந்தேன். அவள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “அம்மாவும் போயிட்டாங்க. ஒங்களுக்கும் எதுனா ஆயிட்டா நான் என்னா பண்ணுவேன்?”

கவிதாவிடம் சொன்னதை அவளிடமும் சொன்னேன். பதினோரு நாள், போன், ஜன்னல், கீரைக்கட்டு, எல்லாம். அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் வேலையிலேருந்து வாரப்ப, அம்மா என்னைய கேப்பாங்கப்பா. ‘கொஞ்சம் புடிச்சிக்க, வாசல் வரைக்கும் போலாம்’னு. நான் களைப்பா இருக்குன்னு, நாளைக்குன்னு சொல்லிருவேன். நெறைய தடவ சொல்லியிருக்கேன்.”

நாங்கள் இருவரும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் மாடிக்காரர் மார்க்கெட் பையோடு ஏறி வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார். பிறகு மாலதி எழுந்து போய்க் கைத்தடியை எடுத்து வந்து கொடுத்தாள்.

“எறங்குங்கப்பா. நான் ஒங்களுக்கு முன்னால ஒரு படி கீழ வாரேன். புடிக்க மாட்டேன்.”

அவள் சொன்னபடி பிடிக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, என் பக்கம் பார்த்தபடி, பின்னோக்கி இறங்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முட்டி வலித்தது, அவளுக்கு என்னைவிட அதிகம் வலித்திருக்கும். கீழே தரையில் கால் வைத்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வெயில் இதமாக இருந்தது. கீழ்க்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் ஆளுக்கு ஒன்று குடித்துவிட்டு ஏறினோம். ஏற முக்கால் மணி நேரம் ஆனது என்று மாலதி சொல்கிறாள். அவ்வளவு ஆகவில்லை.

மீதி எல்லாம் நல்ல செய்திதான். அடிபட்ட எட்டாவது மாதம் நூற்றுப் பதினைந்து டிகிரி வந்தது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். அதே பஸ்ஸை ஓட்டுகிறேன். மழை நாளில் முட்டி முணுமுணுக்கும். இன்னும் சம்மணம் போட முடியவில்லை. உன் திதிக்கு இலை போட்டபோது குட்டி ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன். நீ கோபிக்க மாட்டாய். அதற்கும் கவிதா ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறாள், நடந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் கீழ்க்கடை காதர் பாய் முகம் வாடியிருந்தார். அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், ஒன்றை மாற்றி ஆபரேசன் செய்திருக்கிறார்கள். “எக்ஸசைஸ் செய்யச் சொல்றாங்க அண்ணே. அவ அழுவுறா. எனக்குப் பாக்க முடியலே. வேணாம், படுத்துக்கன்னு சொல்லிட்டேன். நான் பாத்துக்க மாட்டேனா?”

கடையில் ஆட்கள் இருந்தார்கள். இதையெல்லாம் வெளியே சொல்கிற ஆளா நான்? ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாய்க்கு உன்னைப் பற்றிச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் ரொட்டி போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடுப்பில் ஒன்று கருகியே போனது.

பத்து நாள் கழித்து பஸ்ஸை நிறுத்திவிட்டு வருகிறேன், பாய் கடையிலிருந்து கூப்பிடுகிறார். “அண்ணே! இன்னிக்கு அவளா எந்திரிச்சு குசினிக்கு நடந்து போயிட்டா. போன ஒடனே என்னா சொன்னா தெரியுமா? அடுப்ப இப்புடியா வச்சிருக்கீங்கன்னு ஒரே ஏச்சு!” சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஏச்சு வாங்கியதற்காக ஒரு மனுசன் அவ்வளவு சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் உன்னிடம் அப்படி ஓர் ஏச்சு வாங்க வேண்டும்போல இருந்தது.

மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை, தனம். நீ எப்போதோ மன்னித்திருப்பாய், உன் குணம் அது. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ என்னிடம் கேட்காமல் விட்டதற்கெல்லாம் பதிலாக ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். இனி என் முன்னால் யார் வலியோடு எழுந்து நின்றாலும், மாலதியோ, முன்பின் தெரியாத ஆளோ, நான் கத்த மாட்டேன். படு என்று சொல்ல மாட்டேன். அழுதால் அழட்டும். வலி போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன் மாமா,
மாணிக்கம்